கிளப் வரலாறு தேடுபவர்களுக்கு ட்ரோவ் எவ்வளவு உதவும்?

மெல்பர்ன் புறநகர் ஒன்றில் என் தம்பி குடும்பத்தோடு இருக்கிறான். அவன் மகன் அங்கே ஓர் அமெச்சூர் ஃபுட்டி கிளப்பில் ஆடுகிறான். தம்பிக்கு விளையாட வராது, ஆனால் சனிக்கிழமை என்றால் ஸ்கோர்போர்டு பக்கத்தில்தான் நிற்பான். அப்படியே கமிட்டிக்குள்ளும் போய்விட்டான். கிளப்புக்கு நூறாவது ஆண்டு நெருங்குகிறது. மலர் ஒன்று போடலாம் என்று பேச ஆரம்பித்தபோதுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. பழைய மினிட்ஸ் புத்தகங்கள் யார் யார் வீட்டிலோ இருந்து, வீடு மாறும்போது தொலைந்திருக்கின்றன. மிஞ்சியது சுவரில் மாட்டிய சில அணிப் படங்களும், தலைவர், கேப்டன் பெயர்கள் எழுதிய ஒரு பலகையும்தான். "அக்கா, அச்சகத்தில் அத்தனை வருஷம் புரூஃப் பார்த்தவ நீ. பழைய பேப்பரில் ஏதாவது கிடைக்குதா, கொஞ்சம் தேடிக் கொடேன்" என்று கேட்டான்.

சிங்கப்பூரில், தெம்பனீஸ் வட்டாரத்தில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இதுவரை தேடியது எல்லாமே ட்ரோவ் என்ற தளத்தில். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய நூலகம் நடத்துவது. 2009இல் தொடங்கியது. அந்த நாட்டு நூலகங்கள், அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள் என்று நூற்றுக்கணக்கான அமைப்புகள் தங்கள் சேகரிப்பை அதில் சேர்த்திருக்கின்றன. படங்கள், நூல்கள், வரைபடங்கள் எல்லாம் உண்டு. ஆனால் நான் எழுதப்போவது அதன் பழைய செய்தித்தாள் பகுதியைப் பற்றி மட்டும். 1803இல் வந்த சிட்னி கெஸட்டில் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுக்குமேல் விரிகிற பக்கங்களை எழுத்து எழுத்தாகத் தேடலாம். காசு இல்லை. பார்க்கவும் பதிவிறக்கவும் கணக்கு தொடங்க வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து திறந்தாலும் எதுவும் மூடியிருப்பதில்லை. இதே மாதிரி பழைய தாள்களைக் காட்ட மாதச் சந்தா வாங்கும் தளங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் முதல் மாதம் இலவசம் என்று சேர்ந்து, அடுத்த மாதம் பணம் போனதைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு போதும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஃபுட்டி என்று அவர்கள் சொல்வது நாம் ஜாலான் புசாரில் பார்க்கும் காற்பந்து இல்லை, ரக்பியும் இல்லை. நீள்வட்டப் பந்து, நீள்வட்ட மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. பக்கக் கம்பத்துக்குள் போனால் பிஹைண்ட், ஒரு புள்ளி. 1859 மே மாதம் மெல்பர்னில் ஒரு விடுதியில் டாம் வில்ஸும் இன்னும் சிலரும் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். இந்த ஊதியமில்லா ஆட்டக்காரர்களுக்கென்று விக்டோரியாவில் ஒரு சங்கம் 1892 முதல் நடக்கிறது. ஏ, பி, சி என்று பிரிவுகள் வைத்து, வென்றால் மேலே, தோற்றால் கீழே என்று கிளப்புகளை நகர்த்துவார்கள். தம்பியின் கிளப்பும் அதில்தான் ஆடுகிறது.

தேடுவதில் முதல் இடறல் இந்தச் சங்கத்தின் பெயரில்தான். இன்று எல்லோரும் சொல்வது விக்டோரியன் அமெச்சூர் ஃபுட்பால் அசோசியேஷன். அந்தப் பெயர் வந்தது 1933இல். அதற்கு முன் மெட்ரோபாலிடன் அமெச்சூர், அதற்கும் முன் மெட்ரோபாலிடன் ஜூனியர். 1920களில் பிறந்த ஒரு கிளப்பை இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் ட்ரோவ் வெறும் கையை விரிக்கும். பழைய பெயரைப் போட்டு, மாநிலத்தை விக்டோரியா என்றும் பத்தாண்டை 1920கள் என்றும் சுருக்கியதும் வரிசையாக வந்து விழுந்தன. இந்தச் சல்லடை வசதி ட்ரோவில் மிக நன்றாக இருக்கிறது. நாளிதழ், ஆண்டு, மாதம், விளம்பரமா செய்தியா என்று இடது கை வலது கை தெரியாதவர்கூட குறைத்துக்கொண்டே போகலாம். இரண்டு சொல்லுள்ள கிளப் பெயரை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் அந்தப் புறநகரில் நடந்த ஏலம், திருமணம், தீ விபத்து எல்லாம் சேர்ந்து வரும், அது ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது.

அப்போது மெல்பர்னில் ஞாயிற்றுக்கிழமை தாள் கிடையாது. சனிக்கிழமை ஆட்டம் திங்கட்கிழமைதான் தி ஆர்கஸ், தி ஏஜ் நாளிதழ்களில் வரும். பெரிய அணிகளின் ஆட்டம் பத்தி பத்தியாக ஓடும். அதற்கெல்லாம் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், அமெச்சூர் முடிவுகள். யார் யாரை வென்றார்கள், ஸ்கோர், கோல் அடித்தவர்கள், நன்றாக ஆடியவர்கள். அவ்வளவுதான், ஒரு கிளப்புக்கு மூன்று வரிகூட இருக்காது. ஆனால் அந்த மூன்று வரி ஒவ்வொரு வாரமும் இருக்கிறது. ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை வரிசையாக எடுத்து வைத்தால் ஒரு சீசன் முழுசாக எழுந்து நிற்கிறது. எந்த வாரம் முதல் வெற்றி, யார் இல்லாமல் தோற்றார்கள், யார் இரண்டு வருடம் தொடர்ந்து கோல் பட்டியலில் முன்னால் நின்றார், எல்லாம் தெரிகிறது. கௌரவப் பலகையில் கேப்டன் பெயர் மட்டும் இருக்கும். பின்வரிசையில் நின்று பத்து வருடம் ஆடியவர் பெயர் இந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. ஒரு சின்ன கிளப்புக்கு ட்ரோவ் செய்யும் பெரிய உதவி இதுதான், வேறு எந்தச் சேவையிலும் நான் இதைப் பார்க்கவில்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். பக்கத்தின் படத்தை இயந்திரம் படித்து எழுத்தாக மாற்றியதைத்தான் நாம் தேடுகிறோம். நூறு வருடத்துக்கு முந்தைய மலிவுத்தாள், தேய்ந்த அச்செழுத்து, மைக்ரோஃபிலிமில் எடுத்த படம். இயந்திரம் தடுமாறத்தான் செய்யும். பெரிய செய்திக் கட்டுரையில் பாதிப்பு குறைவு. நமக்கு வேண்டிய பொடி எழுத்திலும் எண்களிலும்தான் அதிகம். 3 என்பது 8 ஆகும், 1 காணாமல் போகும், ஆட்டக்காரர் பெயருக்கு நடுவே ஒரு காற்புள்ளி முளைத்து ஒருவர் இருவராவார்.

ஸ்கோரைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, ஃபுட்டி ஸ்கோர் எழுதும் முறையே அதற்கு உதவுகிறது. கோல் எண்ணிக்கை, நடுவே ஒரு புள்ளிக் குறி, பிஹைண்ட் எண்ணிக்கை, அப்புறம் அடைப்புக்குறிக்குள் மொத்தம். 13.9 (87) என்றால் பதின்மூன்று கோலுக்கு 78, அதோடு 9, ஆக 87. இதை இயந்திரம் 18.9 (87) என்று படித்துவைத்தால், பதினெட்டு ஆறு 108, ஒன்பது சேர்த்தால் 117, அடைப்புக்குறியில் இருப்பதோ 87. கணக்கு உதைக்கிறது. எங்கோ ஓர் இலக்கம் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். எது தப்பு என்பதைப் பக்கப் படத்தைப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். ட்ரோவ் படத்தையும் எழுத்தையும் ஒரே திரையில் அருகருகே காட்டுவதால் அதற்கு நொடி நேரம் போதும். நான் எடுத்த எந்த ஸ்கோரையும் இந்தப் பெருக்கல் போட்டுப் பார்க்காமல் தம்பிக்கு அனுப்புவதில்லை.

இனி சொல்லப்போவதுதான் என்னை இந்தத் தளத்தோடு கட்டிப்போட்டது. எழுத்துப் பிழையைக் கண்டால் நாமே திருத்தலாம். வரியைத் தொட்டு, சரியானதை எழுதி, சேமித்தால் முடிந்தது. அடுத்த ஆள் தேடும்போது திருத்திய சொல் கிடைக்கும். உலகத்தில் எங்கிருந்தும் யார் வேண்டுமானாலும் செய்யலாம், அப்படிச் செய்தவர்களால் கோடிக்கணக்கான வரிகள் சரியாகியிருக்கின்றன. கணக்கு தொடங்கிக்கொண்டால் நாம் திருத்தியவை நம் பெயரில் பதிவாகும். நான் திறந்த பல பக்கங்களில் எனக்கு முன்பே யாரோ வந்து, ஒரு தாத்தாவின் பெயரையோ ஒரு தெருவின் பெயரையோ சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த முகம் தெரியாத மனிதர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இதில் ஒரு விதி இருக்கிறது. அச்சில் என்ன இருக்கிறதோ அதையே எழுத வேண்டும். நாளிதழே ஒருவர் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தால் தப்பாகவே விட வேண்டும். மெய்ப்புப் பார்த்த கைக்கு இது பெரிய சோதனை. பிழையைக் கண்டால் பேனா தானாகப் போகும். ஆனால் விதி நியாயமானது. நாளிதழ் என்ன சொன்னது என்பது ஓர் ஆதாரம், உண்மை என்ன என்பது வேறு விஷயம். இரண்டையும் கலந்துவிட்டால் பின்னால் வருபவர் எதை நம்புவார்? சரியான பெயர் நமக்குத் தெரிந்தால் குறிப்பாகச் சேர்க்க இடம் கொடுத்திருக்கிறார்கள். பெயர்களைக் குறிச்சொற்களாகவும் ஒட்டலாம், கட்டுரைகளை நம் சொந்தப் பட்டியலில் சேர்த்தும் வைக்கலாம். தம்பியின் கிளப்புக்கு வருடவாரியாகப் பட்டியல் போட்டு இணைப்பை அனுப்பிவிட்டேன். கமிட்டியில் உள்ளவர்கள் அங்கேயே திறந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத முகவரி ஒன்று உண்டு என்பதால் மலரில் அதையே அடிக்குறிப்பாகப் போடப் போகிறோம்.

ஆட்டக்காரர்களின் குடும்பப் பெயர் மட்டும் அச்சாவது இன்னொரு சிக்கல். ஸ்மித் என்று ஒருவர் நாலு கோல் போட்டிருக்கிறார். எந்த ஸ்மித்? அண்ணனா தம்பியா? ஆண்டுப் பொதுக்கூட்டச் செய்தி, விருந்துச் செய்தி, திருமணச் செய்தி என்று சுற்றி வந்தால்தான் முதலெழுத்து கிடைக்கும். சில பேருக்கு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

ட்ரோவில் என்ன இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. மெல்பர்ன் புறநகர்களுக்கென்று வாரத் தாள்கள் பல வந்துகொண்டிருந்தன. உள்ளூர் கிளப்பைப் பற்றி அவற்றில்தான் அதிகம் எழுதியிருப்பார்கள். ஆனால் அவற்றில் பல 1914 முதல் 1918 வரை, அதாவது முதல் உலகப் போர்க் காலம் மட்டுமே ட்ரோவில் ஏறியிருக்கின்றன. தம்பியின் புறநகர்த் தாளும் அப்படித்தான். கிளப் பிறந்தது அதற்குப் பிறகு. ஆகவே ஆர்கஸ், ஏஜ் போன்ற நகர நாளிதழ்களும், இளஞ்சிவப்புத் தாளில் அச்சான ஸ்போர்ட்டிங் குளோப் என்ற விளையாட்டு இதழும்தான் கைகொடுத்தன. இன்னொன்று 1954. பதிப்புரிமை காரணமாகப் பெரும்பாலான தாள்கள் அந்த ஆண்டோடு நின்றுவிடுகின்றன. கான்பெரா டைம்ஸ் மாதிரி சில மட்டும் தாண்டிப் போகும். ஒரு கிளப்பின் நூறு வருடத்தில் பின்பாதி முழுக்க இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. இதைக் குறை என்று சொல்வதைவிட எல்லை என்று சொல்வதே சரி. ஆனால் தெரியாமல் வருபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

1940களுக்கு வந்தபோது சங்கத்தின் ஆட்டங்களே போரால் நின்றுபோயின. திங்கட்கிழமைப் பொடி எழுத்துகள் இல்லை. ஆடிய பையன்கள் பலர் படையில் சேர்ந்தார்கள். 1941இல் ஆஸ்திரேலியப் படையின் 8ஆம் டிவிஷன் மலாயாவில் வந்து இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததும் அவர்கள் சாங்கியில் உள்ள செலாராங் பாசறைக்குக் கைதிகளாக நடத்திச் செல்லப்பட்டார்கள். நான் இருக்கும் இடத்திலிருந்து அது ஒன்றும் தூரம் இல்லை. அங்கே, கைதி முகாமுக்குள், அவர்கள் ஃபுட்டி லீக் நடத்தினார்கள் என்பது இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தத் தேடலில்தான் தெரிந்தது. மெல்பர்னின் பெரிய கிளப்புகளின் பெயரையே அணிகளுக்கு வைத்துக்கொண்டார்கள். ஃபிட்ஸ்ராய் கிளப்புக்காக ஆடி 1933இல் பிரவுன்லோ பதக்கம் (மெல்பர்ன் பெரிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வென்ற வில்ஃப்ரட் ஸ்மால்ஹார்ன் அந்தக் கைதிகளில் ஒருவர், லீக்கை நடத்தியதில் முக்கியமானவர். 1943 ஜனவரியில் விக்டோரியாக்காரர்களும் மற்ற மாநிலத்தாரும் மோதிய ஆட்டத்தோடு அது முடிந்தது. சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் செயின்ட் கில்டா கிளப்பில் ஆடியிருந்த பீட்டர் சிட்டிக்குக் கிடைத்தது. முகாமிலேயே செய்த அந்தப் பதக்கம் இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. சிட்டி பிறகு, ஜப்பானியர் கைதிகளைக் கொண்டு போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பினார்.

சயாம் ரயில் என்றதும் நம் வீடுகளில் வேறு நினைவு வரும். மலாயாத் தோட்டங்களிலிருந்து அதே பாதைக்குக் கூட்டிப்போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. என் பாட்டியின் தம்பியும் அதில் ஒருவர். ஆஸ்திரேலியக் கைதிகள் யார் யார் என்பதற்குப் படைப் பதிவேடு இருக்கிறது, கல்லறையில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஒரு ஃபுட்டி ஆட்டக்காரரின் முதலெழுத்தைத் தேடி நான் செலவழித்த மாலைகளில் இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பேர் எழுதி வைக்கிற பழக்கம் எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் சங்கங்களும், கோயில்களும், பழைய மாணவர் மன்றங்களும் புரிந்துகொள்ள வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தைச் செயலாளர் வீட்டு அலமாரியில் விட்டுவைக்காதீர்கள், நகலெடுத்து நூலகத்தில் கொடுங்கள்.

நம் பக்கத்துக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய செய்தித்தாள் தளம் இருக்கிறது. அதுவும் இலவசம்தான். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அதில் இருக்கிறது, தமிழ் முரசும் இருக்கிறது. பிற்காலத் தாள்கள் சில நூலகக் கணினியில்தான் திறக்கும், அதற்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய்விடுவது வசதி. இரண்டு தளத்திலும் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்தாதீர்கள். சின்னத்தம்பி என்ற பெயரை எஸ் போட்டுத் தொடங்குவார்கள், சிஎச் போட்டும் தொடங்குவார்கள். முடிவில் ஒய் வரும், ஐ வரும். நடுவில் உள்ள ஒற்று இருக்கும், இருக்காது. எல்லா வகையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பெயர் கிடைக்காவிட்டால் ஊர், தோட்டம், கப்பல், வேலை என்று சுற்றிப் போய்த் தேடுங்கள்.

ட்ரோவ் 2023இல் மூடப்படும் நிலைக்கு வந்ததும் நினைவில் இருக்க வேண்டும். பணம் தீரப்போகிறது என்று 2022 கடைசியில் ஆஸ்திரேலிய தேசிய நூலகமே சொன்னது. பயன்படுத்துபவர்கள் எல்லோரும் குரல் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் அரசாங்கம் நான்கு ஆண்டுக்கு 33 மில்லியன் ஆஸ்திரேலிய டாலரும், அதற்குப்பின் ஆண்டுதோறும் 9.2 மில்லியனும் தருவதாக அறிவித்தது. இப்போதைக்குக் கவலை இல்லை. இருந்தாலும் முக்கியமான பக்கங்களைப் பிடிஎஃப் கோப்பாகவும் நான் சேமித்து வைக்கிறேன்.

கைபேசியில் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கப் படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய திரை வேண்டும். வயதானவர்கள் உலாவியின் எழுத்தளவைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சீசன் என்று வைத்துக்கொண்டால் கண்ணுக்கும் நல்லது, கணக்கும் குழம்பாது.

1954க்குப் பிந்தைய வேலை தம்பி பங்கு. ஸ்வான்ஸ்டன் ஸ்திரீட்டில் உள்ள விக்டோரியா மாநில நூலகத்தில் ஏஜ் நாளிதழை மைக்ரோஃபிலிமில் பார்க்கலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான திங்கட்கிழமைகளின் தேதிகளை ஆண்டுவாரியாக அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஸ்கோர், கோல் அடித்தவர்கள், நன்றாக ஆடியவர்கள் என்று மூன்று பத்தி. நான்காவது பத்தி பெருக்கிச் சரிபார்த்ததற்கு டிக் போட. அவன் மகனும் கூட வந்து உதவுகிறேன் என்கிறான். அவன் அணியில் இப்போது ஆடும் பையன்கள் சிலரின் தாத்தாக்கள் அந்த ஆண்டுகளில்தான் ஆடினார்களாம்.